ராத்திரி எட்டு மணி ஆனா கம்ப்யூட்டர்ல மட்டும் நெட் போகுது – மடிப்பாக்கம்

மொட்டைமாடி | செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா ஒரே தலைவலி.

வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான். ரௌட்டர் பெட்டி ஹாலில், டிவிக்கு மேலே. கம்ப்யூட்டர் பின்பக்க ரூமில். நடுவில் ஒரு சுவர், அந்தக் காலத்து ஒன்பது இஞ்ச் சுவர். கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது என்பதால் முன்பக்கம் ஒரு சின்ன டாங்கிள் செருகியிருக்கிறேன், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

பகலில் நான் உட்கார்ந்தால் ஒரு குறையும் இல்லை. ராத்திரி எட்டு, எட்டரைக்கு மகள் உட்காருவாள். வீடியோ எடிட்டிங் கோர்ஸ் படிக்கிறாள், ஆன்லைன் வகுப்பு. பத்து நிமிஷத்தில் "அப்பா, நெட் போச்சு" என்று குரல் வரும். சில நாள் சுத்தமாகப் போகாது, வட்டம் மட்டும் சுத்திக்கொண்டே இருக்கும். ஆனால் அதே ரூமில், அதே நேரத்தில், அவள் செல்போனில் வைஃபை ஜோராக ஓடுகிறது.

பெட்டியை அணைத்துப் போட்டது நாற்பது தடவையாவது இருக்கும். கம்பெனிக்கு மூணு கம்ப்ளைன்ட் கொடுத்தேன். ஒரு பையன் வந்தான், தன் செல்போனில் ஸ்பீட் பார்த்தான், "95 வருது சார், லைன் சூப்பர், உங்க கம்ப்யூட்டர்லதான் ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் வந்தது காலை 11 மணிக்கு! ராத்திரி வந்து பார்த்தால்தானே தெரியும்?

கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டது போல. வயர் இல்லாத மவுஸ் கூட அப்பப்போ திக்குகிறது, பேட்டரி மாற்றியும் பார்த்துவிட்டேன். வீட்டம்மா மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாள். அதற்கும் கேட்கவில்லை.


வேளச்சேரி_படகு | செவ்வாய், இரவு 10.52

இதுல யோசிக்க என்ன சார் இருக்கு. எட்டு மணிக்கு மேல ஊரே நெட்ல உக்காந்திருக்கும். ஒரே லைன்ல தெருவையே கோத்து விட்டிருப்பானுங்க. கம்பெனிய மாத்துங்க. பையன் சொன்னதெல்லாம் நம்பாதீங்க, அவங்களுக்கு "கஸ்டமர் சைட் ப்ராப்ளம்"னு எழுதினாத்தான் டிக்கெட் க்ளோஸ் ஆகும்.


எட்டுநாலு | செவ்வாய், இரவு 10.58

டிஎன்எஸ் மாத்துங்க ப்ரோ. 8.8.8.8 இல்லன்னா 1.1.1.1. எனக்கு எல்லாம் சரியாச்சு. அப்பவும் வரலைன்னா ரௌட்டர் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊக்கு விட்டு பத்து செகண்ட் அழுத்துங்க. ஃபுல் ரீசெட்.


நைட்ஷிப்ட்காரி | செவ்வாய், இரவு 11.35

சார், அந்த ஓட்டையில ஊக்கு விட்டுடாதீங்க!! முதல்ல அதைச் சொல்லிடறேன். பல கனெக்‌ஷன்ல கம்பெனி கொடுத்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அந்தப் பெட்டிக்குள்ளதான் உட்கார்ந்திருக்கும். ரீசெட் அடிச்சா எல்லாம் அழிஞ்சுடும். அப்புறம் செல்போன்லயும் நெட் இருக்காது. பட்டனைத் தட்டி அணைச்சுப் போடறது வேற, ஊக்கு விட்டு அழிக்கறது வேற.

டிஎன்எஸ் பத்தி: அது டெலிபோன் டைரக்டரி மாதிரி. பேரைக் கொடுத்தா நம்பர் சொல்லும். நம்பருக்குப் போன் போகுது, பேரைச் சொன்னா மட்டும் போகலைன்னா டைரக்டரியைச் சந்தேகப்படலாம். இங்க அது தெரியவே இல்லையே.

கூட்டம் பத்தி: ஒரு ஃபைபர் இழையை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சுக் கொடுக்கறது உண்மைதான். நம்ம ஊர்ல பெரும்பாலும் இருக்கற முறையில அந்த இழை மொத்தமா இறக்கறது சுமார் 2.5 கிகாபிட். ராத்திரி நெரிசல் வரலாம், மறுக்கல. ஆனா தெருவுல நெரிசல்னா அவங்க பொண்ணு செல்போனும் சேர்ந்துதானே திணறணும்? போன் ஓடுது, கம்ப்யூட்டர் ஓடல. ரெண்டும் ஒரே வாசல் வழியாதான் வெளியே போகுது.

சார், நாளைக்கு இதைப் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட், அந்தக் கறுப்பு ஜன்னல், ரெண்டு திறந்து பக்கத்துல பக்கத்துல வையுங்க. பிங்னா "இருக்கியா"ன்னு கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பார்க்கறது. ஒண்ணுல பிங் அடிச்சு, இடைவெளி விட்டு 192.168.1.1, இன்னொரு இடைவெளி, ஒரு கோடு, அதோட ஒட்டி டி. இது உங்க பெட்டியோட நம்பர், சில பெட்டியில 192.168.0.1னு இருக்கும், அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். ரெண்டாவதுல அதே மாதிரி, நம்பர் மட்டும் 8.8.8.8, அது வீட்டுக்கு வெளியே இருக்கற கூகுளோடது. நிறுத்தாம ஓட விடுங்க. பகல்ல பத்து நிமிஷம், ராத்திரி பொண்ணு உட்கார்ந்ததும் பத்து நிமிஷம்.

முதல் ஜன்னல் சுத்தமா இருந்து ரெண்டாவது தடுமாறினா கம்பெனியோட சண்டை போடுங்க, நானே கடிதம் எழுதித் தரேன். முதல் ஜன்னலே தடுமாறினா, கோளாறு உங்க வீட்டுக்குள்ள, அந்த ஒன்பது இஞ்ச் சுவருக்கு இப்படியோ அப்படியோ இருக்கு.


கம்பிக்காரன் | புதன், காலை 6.50

பதினோரு வருசம் லைன்மேனா இருந்தவன். அந்தப் பையனைத் திட்டாதீங்க அண்ணே, ஒரு நாளைக்கு இருபது வீடு ஏறி இறங்கறான்.

பெட்டில எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும். செகப்பா மினுக்குனா ஃபைபர்ல வெளிச்சம் வரல, அவ்ளோதான். நம்ம ஏரியால அதுக்குக் காரணம் பாதி அணில்தான். வேப்பமரம், முருங்கைமரம் மேல கேபிள் போச்சுன்னா கடிச்சு வெச்சிரும். மீதி, தெருவுல குழி தோண்டறவங்க. மழை பெய்ஞ்சா ஃபைபருக்கு ஒண்ணும் ஆவாது, ஜாயின்ட் பாக்ஸ்ல தண்ணி பூந்தா ஆவும்.

லைட் பச்சையா இருந்தா, பிரௌசர்ல பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்தைத் தொறந்து ஆப்டிகல் பவர்னு இருக்கற நம்பரைப் பாருங்க. மைனஸ்ல இருக்கும். -27க்குக் கீழ போனா லைன் சாவப் போவுதுன்னு அர்த்தம். -20, -22ன்னா ராசா மாதிரி. பின்னாடி பச்சைக் கலர் முனை இருக்கே, அதை சும்மா சும்மா கழட்டாதீங்க, தூசி பட்டாலே வெளிச்சம் குறையும். வயரை டிவி பின்னாடி மடக்கிச் சொருகாதீங்க. மடிச்ச எடத்துல வெளிச்சம் வெளிய ஒழுகிரும். கழட்டின முனைய கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்கறதும் வேணாம்.

அப்புறம் அடாப்டர். கரண்ட் போயி இன்வெர்ட்டர் தூக்கறப்ப ஒரு நொடி தடங்கல் வரும், அடாப்டர் நைஞ்சு போயிருந்தா பெட்டி ரீஸ்டார்ட் ஆயிரும்.


டயல்அப்_தாத்தா | புதன், காலை 7.30

ஓய், நீங்களெல்லாம் பாக்கியசாலிகள். விஎஸ்என்எல் இந்த நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ல். மெட்ராஸ் சென்னையாக மாறுவதற்கு முந்தின வருஷம். நான் 172222 சுழற்றி, மோடம் பூனை மாதிரி கத்தி முடிக்கும்வரை காத்திருப்பேன். யாராவது பக்கத்து ரூமில் போனை எடுத்தால் முடிந்தது கதை. எங்கள் வீட்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க பிங் வேண்டாம், மாமியார் எங்கே என்று பார்த்தால் போதும்.


மொட்டைமாடி | புதன், இரவு 9.20

தாத்தா, சிரித்துவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எல்ஓஎஸ் மினுக்கவில்லை. ஆப்டிகல் பவர் -21 என்று காட்டுகிறது. கம்பிக்காரன் தம்பி சொன்னபடி ராசாதான். பெட்டியை எடுத்துத் துடைத்தபோது ஒன்று பார்த்தேன்: போன ஆயுத பூஜைக்கு வீட்டம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் காற்றுப் போகிற ஓட்டைகளில் காய்ந்து அடைத்திருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். சூடு குறைந்தது, நெட் அப்படியேதான்.

மேடம் சொன்ன இரண்டு ஜன்னல்:

பகல் 3 மணி – பெட்டிக்கு 2 மில்லிசெகண்ட், 3, 2, 2. 8.8.8.8-க்கு 6, 7, 6. ஒன்றுகூடத் தவறவில்லை.

இரவு 8.40 – பெட்டிக்கே 3, 2, 480, ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் (பதிலே வரவில்லை), டைம்ட் அவுட், 1100, 5, டைம்ட் அவுட். இரண்டாவது ஜன்னலும் அதே கூத்து.

அப்படியானால் கோளாறு வீட்டுக்குள்தானா? மூணு கம்ப்ளைன்ட் கொடுத்தேனே.


வேளச்சேரி_படகு | புதன், இரவு 9.31

சரி, கம்பெனி மேல தப்பில்ல, ஒத்துக்கறேன். அப்ப பக்கத்து வீட்டு வைஃபை. அபார்ட்மெண்ட்ல பத்து ரௌட்டர் ஒரே சேனல்ல கத்தும். வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு: 1, 6, 11. மாத்திப் பாருங்க.


ரிச்சித்தெரு_ஸ்டூல் | புதன், இரவு 9.45

சார், எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி. லேன் வயர் இழுத்துடுங்க, பிரச்சினை தீர்ந்துது. வயர் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. அலுமினியத்துக்கு மேல தாமிரம் பூசின வயரை நல்ல வயர் விலைக்குத் தள்ளி விடுவாங்க. சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு, கடைக்கு வர்றவங்க பாதிப் பேருக்குத் தெரியாதது. வயருக்குள்ள எட்டு இழை, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓட ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். மத்த ரெண்டு ஜோடியில ஒரே ஒரு இழை ஜாக்ல சரியா அழுந்தி உட்காரலைன்னாலும் நெட் வரும், ஆனா 100 மேல ஏறாது. ஜனங்க 300 பிளான் போட்டுட்டு "94தான் வருது, ஏமாத்தறான்"னு கம்பெனியத் திட்டுவாங்க. நான் ஜாக்கை வெட்டிட்டு புதுசு போட்டுக் கொடுப்பேன், அஞ்சு நிமிஷ வேலை.


புதுஆள்_2217 | புதன், இரவு 9.50

எனக்கும் இதே ப்ராப்ளம். 100 எம்பிபிஎஸ் பிளான், டவுன்லோட் 12தான் காட்டுது. ஹெல்ப் ப்ளீஸ்.


நைட்ஷிப்ட்காரி | புதன், இரவு 11.10

2217: உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிளான்ல சொல்றது மெகாபிட், டவுன்லோட்ல காட்டறது மெகாபைட், எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். 100-ஐ எட்டால வகுத்துக்கோங்க, 12.5.

மொட்டைமாடி சார்: கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுது, ஆனா எதனாலன்னு தெரியல. சேனல் மாத்தறதுல தப்பில்ல, மாத்துங்க. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க உங்க பொண்ணு உட்காரும்போது மட்டும் ஏன் கத்தணும்?

2020-ல வேல்ஸ்ல அபர்ஹோசன்னு ஒரு கிராமத்துக் கதை செய்தியில வந்தது. பதினெட்டு மாசமா தினம் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துடும். கேபிள் மொத்தத்தையும் மாத்திப் பார்த்தாங்க, சரியாகல. கடைசியில கருவியைக் கையில தூக்கிட்டு அலைஞ்சு பார்த்தா, ஒரு வீட்டுல பழைய டிவி. ஏழு மணிக்கு அதைப் போடுவாங்க, அது மின்சார இரைச்சலைக் கிளப்பும், ஊர் நெட் போயிடும். அது செம்புக் கம்பி லைன், உங்களோடது மாதிரி இல்ல. ஆனா மணி பார்த்து வர்ற கோளாறுன்னா, அந்த மணிக்கு யாரோ எதையோ போடறாங்க.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, வைஃபை சிக்னல் எத்தனை சதவீதம் காட்டுது, பகல்ல, ராத்திரியில? ரெண்டு, பகல்ல இல்லாத எந்தப் பொருள் ராத்திரி அந்த மேஜை மேல இருக்கு? ஒண்ணு விடாம எழுதுங்க. அப்புறம் அந்த மவுஸ், அது எந்நேரமும் திக்குதா, ராத்திரி மட்டுமா?


மொட்டைமாடி | வியாழன், இரவு 8.55

சிக்னல் பகலில் 92 சதவீதம், ராத்திரியும் 92. அதுதான் எனக்குப் புரியவில்லை. சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் இல்லை.

மவுஸ் பற்றி மகளிடம் கேட்டேன். "ராத்திரி எப்பவுமே இப்படித்தான் அப்பா, நீங்க கவனிச்சதில்ல" என்கிறாள். பகலில் எனக்கு ஒரு நாள்கூடத் திக்கியதில்லை. நான் பார்த்ததெல்லாம் ராத்திரி அவள் பக்கத்தில் நின்று.

மேஜை மேல்: எல்ஈடி விளக்கு. ஹெட்போன், வயர் வைத்தது. அவளுடைய போன். தண்ணீர் பாட்டில். வீடியோ எல்லாம் வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க். ஒரு முறுக்கு டப்பா.


எட்டுநாலு | வியாழன், இரவு 9.02

எல்ஈடி லைட்டுதான்! மலிவு லைட் எல்லாம் இரைச்சல் கிளப்பும். கேஸ் முடிஞ்சுது.


கம்பிக்காரன் | வியாழன், இரவு 9.06

முறுக்கு டப்பாவ விட்டுட்டீங்களே தம்பி.


நைட்ஷிப்ட்காரி | வியாழன், இரவு 9.15

ஊகம் வேண்டாம். பிங் ஓடிட்டே இருக்கட்டும். ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருளை எடுங்க, ரெண்டு நிமிஷம் பாருங்க, திரும்ப வையுங்க. முதல்ல லைட். அடுத்து ஹார்டு டிஸ்க். அந்த டிஸ்க் வயர் செருகற துளையோட உள்நாக்கு என்ன கலர்? டாங்கிள் அதுக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு?


மொட்டைமாடி | வியாழன், இரவு 9.58

இது அவர் மகள். அப்பா லைட்டைப் பிடிச்சிட்டு நிக்கறார், நான் டைப் பண்றேன்.

லைட் ஆஃப்: ஒரு மாற்றமும் இல்ல, டைம்ட் அவுட் வந்துட்டே இருந்துது.

டிஸ்க்கைக் கழட்டினேன்: அடுத்த செகண்ட்ல இருந்து 2, 2, 3, 2, 2. ரெண்டு நிமிஷம் ஒண்ணுகூடத் தவறல. மவுஸ் வெண்ணெய் மாதிரி போகுது.

திரும்பச் செருகி ஒரு ஃபைல் காப்பி போட்டேன்: 700, டைம்ட் அவுட், டைம்ட் அவுட். மவுஸ் குதிக்குது. மூணு தடவை பண்ணிட்டோம், மூணு தடவையும் அதே.

துளை நீலக் கலர். டாங்கிள் அதுக்குப் பக்கத்துத் துளையில, ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல்கூட நுழையாது. மவுஸோட குட்டி ரிசீவர் அதுக்குக் கீழ.

மூணு வாரமா "நீ கண்டதை டவுன்லோட் பண்ற, அதான் போகுது"னு என்னைத்தான் சொல்லிட்டிருந்தார். இதையும் இங்க பதிவு பண்ணிக்கறேன்.


வேளச்சேரி_படகு | வியாழன், இரவு 10.03

ஹார்டு டிஸ்க்குக்கும் நெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்???


நைட்ஷிப்ட்காரி | வியாழன், இரவு 11.20

இருக்கு. நீல நாக்குன்னா பெரும்பாலும் யூஎஸ்பி 3. அது நொடிக்கு 5 கிகாபிட் வேகத்துல டேட்டாவைத் தள்ளும். அவ்வளவு வேகத்துல மின்சாரம் ஏறி இறங்கும்போது, வயர்லயிருந்தும் செருகற முனையிலயிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் பரந்து கிடக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸும் அதுல அடக்கம். டாங்கிளும் வயர் இல்லாத மவுஸும் பேசற இடம் அதேதான். இன்டெல் கம்பெனியே 2012-ல இதை அளந்து அறிக்கை போட்டாங்க: டிஸ்க்கைச் செருகினா அந்த அலைவரிசையில இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் ஏறுது. 20 டெசிபல்னா நூறு மடங்கு.

சிக்னல் 92 சதவீதம் காட்டறது ஏன்னு கேட்டீங்களே சார். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல நின்னுட்டு இருக்கீங்க. உங்க வீட்டம்மா மூணடி தள்ளி நின்னு கூப்பிடறாங்க. அவங்க குரல் எப்பவும் போல கணீர்னுதான் இருக்கு. ஆனா உங்க காதுல விழாது. அந்த 92 அவங்க குரலோட அளவு, தெருவோட சத்தத்தை அது கணக்குல எடுக்கறதில்ல.

செல்போன் ஏன் தப்பிச்சுது? அநேகமா அது 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கும். அதுவும் போன் கம்ப்யூட்டரை ஒட்டி இல்ல, ரெண்டடி தள்ளி இருந்தாலே பெரிய வித்தியாசம்.

மவுஸ் திக்குதுன்னு நீங்க முதல் பதிவுலயே எழுதியிருந்தீங்க. நானும் அன்னைக்குத் தாண்டிப் போயிட்டேன்.

செய்ய வேண்டியது: டாங்கிளைக் கம்ப்யூட்டரை விட்டு விலக்குங்க. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர், ஒன்றரை மீட்டர் போதும், அலமாரி மேல வெச்சுடுங்க. அது வர்ற வரைக்கும் டிஸ்க்கைப் பின்னாடி இருக்கற கறுப்புத் துளையில, அதாவது பழைய, மெதுவான யூஎஸ்பியில, செருகட்டும். காப்பி மெதுவா ஆகும், ஆனா வகுப்பு ஓடும்.


ரிச்சித்தெரு_ஸ்டூல் | வெள்ளி, காலை 10.15

நம்ம கடையில எத்தனை டாங்கிளை "வேலை செய்யல"ன்னு திருப்பிக் கொடுத்திருக்காங்க. நானும் மாத்திக் கொடுத்திருக்கேன். அதுல பாதி நல்ல டாங்கிளா இருந்திருக்கும் போல. இனிமே டிஸ்க் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் மாத்துவேன்.

சார், இந்தப் பக்கம் வந்தா எக்ஸ்டென்ஷன் எடுத்துக்குங்க. லேன் வயர் நான் சொன்னது அப்படியே நிக்குது, அதையும் யோசிங்க.


மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 9.40

வெள்ளிக்கிழமை சாயந்திரமே ரிச்சித் தெரு போய் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிவிட்டேன், 120 ரூபாய். டாங்கிள் இப்போது அலமாரி உச்சியில், பழைய பஞ்சாங்கங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மவுஸ் ரிசீவரைப் பின்பக்கம் மாற்றினேன். டிஸ்க் பழைய நீலத் துளையிலேயே. வெள்ளி, சனி, இன்று – மூணு ராத்திரியும் வகுப்பு முழுக்கப் பிங் ஓடவிட்டேன். இன்றைக்கு இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தவறியது மூன்று.

நைட்ஷிப்ட் மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கம்பிக்காரன் தம்பி, டிவி பின்னால் மடங்கியிருந்த ஃபைபர் வயரையும் வளைவாக விட்டுவிட்டேன். லேன் வயர் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூணாவது கம்ப்ளைன்ட் இன்னும் திறந்திருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து மூடச் சொன்னேன். "என்ன காரணம் சார்னு போடறது?" என்று கேட்டார்கள். அந்தப் பையன் எழுதியதையே போடச் சொன்னேன்.


கம்பிக்காரன் | ஞாயிறு, இரவு 9.52

அவன் நம்பர் இருந்தா ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க அண்ணே. எங்க வேலையில அந்த மாதிரி போன் வராது.


மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 10.05

சொல்லிவிட்டேன் தம்பி. "எந்த வீடு சார்?" என்றான். எலுமிச்சம்பழம் வைத்த மானிட்டர் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது.